பியூலா குன்றும் பற்பசையும்

தென் லண்டனில் குரோய்டன் வட்டாரத்தைச் சேர்ந்த தோர்ண்டன் ஹீத்தில், முருங்கைக்காயும் கருவாடும் நல்லெண்ணெயும் விற்கிற நம்மவர் கடைகள் நிறைந்த தெருக்களைக் கடந்து, வானம் சற்றே திறந்து கிடக்கும் ஓர் இடத்தில் நின்று வடகிழக்கே தலையை நிமிர்த்திப் பார்ப்பவர்களுக்கு, வரிசை வீடுகளின் புகைபோக்கிகளுக்கு மேலாக நார்வுட் மேட்டின் முகட்டில் இரண்டு இரும்புக் கோபுரங்கள் தென்படும். அவற்றுள் நெடியதாகிய கிறிஸ்டல் பாலஸ் கோபுரம் உலகப் பிரசித்தி பெற்றது; அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில் பியூலா குன்றின்மேல் நிற்கும் குட்டைக் கோபுரத்தையோ ஊர்க்காரர்களே ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆயினும், பிரிட்டிஷ் தேசத்து வியாபாரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன் முதலில் சென்று காண வேண்டிய ஸ்தலம் அந்தக் குட்டைக் கோபுரம் நிற்கும் இடமே. ஏனெனில், 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு 8 மணி 12 நிமிஷத்துக்கு, அந்நாட்டின் முதல் தொலைக்காட்சி விளம்பரம் அங்கிருந்துதான் ஆகாயத்தில் ஏறிற்று.

அந்தக் குன்றுக்கு வியாபாரம் புதிதன்று. பழைய நாளில் அதைச் சுற்றியிருந்த கருவாலிக் காடுகளில் மரத்தை வெட்டிச் சுட்டு, கரியாக்கி, லண்டன் மாநகரத்து அடுப்புகளுக்குக் கொண்டுபோய் விற்றுவந்த குரோய்டன் கரிக்காரர்கள் நாடகங்களில்கூட இடம்பெறும் அளவுக்குப் பேர் பெற்றவர்கள். பிறகு, 1831இல், டெசிமஸ் பர்ட்டன் என்ற கட்டடச் சிற்பியின் திட்டப்படி அங்கே பியூலா ஸ்பா என்னும் ஊற்று நீர்த் தோட்டம் திறக்கப்பட்டது. உப்புக் கரிக்கும் ஊற்று நீரைச் சர்வரோக நிவாரணி என்று நம்பிப் பெரிய மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குடித்துச் சென்றார்கள். அதே நூற்றாண்டின் நடுவில், 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக ஹைடு பூங்காவில் கட்டிய பளிங்கு மாளிகையைப் பிரித்து எடுத்துவந்து பக்கத்து மேட்டில் நிறுத்தியதும் ஜனங்களின் கவனம் அங்கே போய்விட்டது. ஊற்று நீர் வியாபாரம் படுத்தது. தண்ணீரைப் புகழ்ந்து விற்ற அந்த மேட்டின்மேல், நூறு ஆண்டு சென்றபின், பற்பசையைப் புகழ்ந்து விற்பதற்கு ஒரு கோபுரம் எழுந்ததை நினைக்கும்போது, சில மண்ணுக்கு ஒரு சுபாவம் உண்டோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் கோபுரம் எழுவதற்குள் ஆங்கிலேயர் பட்ட பாடு கொஞ்சமன்று. அமெரிக்காவில் 1941 ஜூலை 1ஆம் தேதியே, நியூயார்க் நகரத்தில், ஒரு பேஸ்பால் பந்தயத்துக்கு முன்னால் புலோவா கடிகாரத்தின் முகத்தைச் சில விநாடி திரையில் காட்டிக் காசு வாங்கிவிட்டார்கள். அதற்கான செலவு ஒன்பது டாலர் என்று சொல்லுவார்கள். ஆங்கிலேயருக்கோ வீட்டுக்குள் வந்து கூவி விற்கும் காரியம் அருவருப்பாக இருந்தது. பி.பி.சி. ஸ்தாபனத்தின் முதல் தலைமை நிர்வாகியாக இருந்த ரீத் பிரபு, 1952இல் பிரபுக்கள் சபையில் பேசும்போது, இங்கிலாந்துக்குள் முன்பு பெரியம்மையும் பிளேக்கும் கறுப்புச் சாவும் புகுந்த வரிசையிலே வியாபாரத் தொலைக்காட்சியையும் வைத்துப் பேசினார். மறு ஆண்டு ஜூன் மாதம் எலிசபெத் மகாராணிக்கு முடி சூட்டிய வைபவத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய விதம் அவர் பக்கத்துக்குப் பெரிய பலமாயிற்று. இடையிடையே விளம்பரங்களைச் செருகியதோடு நில்லாமல், ஜே. ஃப்ரெட் மக்ஸ் என்ற பெயருடைய ஒரு சிம்பன்சிக் குரங்கையும் அந்நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றச் செய்தார்கள். அரசியின் திருமுடிக்கும் குரங்கின் சேஷ்டைக்கும் ஒரே திரையா என்று லண்டன் பத்திரிகைகளும் பார்லிமெண்டும் கொதித்தெழுந்தன. இந்தக் குரங்கை வாசகர்கள் மறக்காமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இத்தனை எதிர்ப்பையும் மீறி 1954இல் தொலைக்காட்சிச் சட்டம் நிறைவேறியது என்றாலும், அது வெட்கத்தோடு பிறந்த சட்டம். நிகழ்ச்சிகளை எந்த வியாபாரியும் தன் பெயரில் நடத்தக்கூடாது. விளம்பரம் இன்னது, நிகழ்ச்சி இன்னது என்று பார்ப்பவர்களுக்குத் தெளிவாக விளங்க வேண்டும். நிகழ்ச்சியின் முன்னும் பின்னும் இயல்பாக நேரும் இடைவேளைகளிலும் அன்றி விளம்பரம் தலைகாட்டக்கூடாது. மணிக்குச் சராசரி ஆறு நிமிஷத்துக்கு மேல் போகவும் கூடாது என்றெல்லாம் விதிகள் வகுத்தார்கள். லேவாதேவிக்காரர், கல்யாணத் தரகர், ஜோசியர், பிணம் அடக்கம் செய்வோர் ஆகியவர்களுக்கு இடமே இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்ய ஏற்பட்ட ஆணையத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர், கலைச் சரித்திர பண்டிதராகிய சர் கென்னத் கிளார்க்; பற்பொடி வியாபாரத்துக்கு ஓவியக் கலை நிபுணரைக் காவல் வைத்தது அந்தத் தேசத்துக்கே உரிய சாமர்த்தியம். அந்தப் பதவியை ஒப்புக்கொண்ட பாவத்துக்காகப் பெரிய மனிதர்கள் கூடும் அத்தினீயம் கழகத்தின் போஜன சாலையில் தம்மைக் கண்டதும் சகபாடிகள் இகழ்ந்து குரல் எழுப்பினார்கள் என்பதை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

குறித்த நாள் வந்தது. பியூலா குன்றில் அவசரமாக நிறுத்திய 200 அடிக் கோபுரத்திலிருந்து ஒன்பதாம் அலைவரிசையில் படம் புறப்பட்டது. அதைப் பிடிப்பதற்கு வீட்டுக்காரர்கள் புது ஆண்டெனாவும் பெட்டிக்குள் பொருத்த ஒரு மாற்றுக் கருவியும் வாங்க வேண்டியிருந்தது. மேட்டின் அடிவாரத்திலேயே இருந்த தோர்ண்டன் ஹீத் போன்ற ஊர்க்காரர்களைவிட இந்த அலைக்கு அருகில் இருந்தவர்கள் இல்லை. கில்ட்ஹால் மண்டபத்தில் விருந்தும் சங்கீதமும் பிரசங்கமுமாக ஒரு மணி நேரம் கௌரவமாகக் கழிந்த பிறகு, விளம்பரம் வந்தது. யாருடையது முதலில் வருவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்திருந்தார்கள். அதிர்ஷ்டம் கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசையின் பக்கம் இருந்தது. ஒரு பெரிய பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கும் பற்பசைக் குழலும் பிரஷும், ஓடையின் குளிர்ச்சியைப் பற்றிக் கூறும் ஒரு கண்ணியமான ஆண் குரலும், பல் துலக்கும் ஒரு பெண்மணியும் அந்த விளம்பரத்தில் அடக்கம். இன்று பார்ப்பவர்களுக்கு அது பத்திரிகையில் அச்சிட்ட வாசகத்தை யாரோ உரக்கப் படிப்பது போலவே தோன்றும். சிரிப்பு மூட்டும் உத்தேசம் அதில் அணுவளவும் இல்லை. போட்டியாக வந்தவர்களின் முதல் இரவைக் கெடுப்பதற்கு பி.பி.சி. செய்த யுக்திதான் விநோதமானது. வானொலியில் தினந்தோறும் லட்சக்கணக்கானோர் கேட்டுவந்த 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகத்தில், கிரேஸ் ஆர்ச்சர் என்னும் இளம் மனைவியை அன்றைய இரவே லாயத்தில் பற்றிய தீயில் சாகடித்தார்கள். ஒரு பக்கம் பனிக்கட்டி, மறு பக்கம் நெருப்பு. மறுநாள் ஊர் முழுவதும் பேச்சு அந்தப் பெண்ணின் மரணத்தைப் பற்றியதாகவே இருந்தது. பற்பசை பின்னுக்குப் போய்விட்டது.

பல்லைப் பற்றிய விஷயத்தில் நாம் ஆங்கிலேயருக்கு இளைத்தவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த தமிழர் எவரையும், அவர் கொழும்பில் இருந்தாலும் கோவில்பட்டியில் இருந்தாலும், விளம்பரம் என்று சொன்ன மாத்திரத்தில் முதலில் நினைவுக்கு வருவது யாது என்று கேட்டுப் பாருங்கள். ரோஜா நிறத்தில் தித்திக்கும் கோபால் பல்பொடி என்பார். அது எந்தெந்தத் தேசத்தாரின் ஆதரவைப் பெற்றது என்று வானொலி அறிவிப்பாளர் அடுக்கிய வரிசையைக் கொண்டே பூகோளம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அநேகர். இரண்டு சமூகங்களுக்கும் வியாபாரக் குரல் முதலில் வாய் வழியாகவே நுழைந்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நம்முடைய அறிவிப்பாளருக்குக் கூச்சம் கிடையாது. ஆங்கிலேயருக்கு அது மலையளவு இருந்தது. என் அபிப்பிராயத்தில், பின்னாளில் உலகமே பார்த்துச் சிரித்த பிரிட்டிஷ் விளம்பர ஹாஸ்யம் அத்தனையும் அந்தக் கூச்சத்தின் வயிற்றில் பிறந்ததுதான். விற்பதற்கு வெட்கப்படுகிறவன், கொஞ்சம் கோமாளித்தனம் செய்து, தன்னையே முதலில் பரிகாசம் பண்ணிக்கொண்டு, அந்தச் சிரிப்பின் மறைவில் சரக்கை நீட்டுகிறான்.

அந்தக் கோமாளித்தனம் ஆரம்பமாக நெடுநாள் ஆகவில்லை. 1956ஆம் ஆண்டின் முடிவில், புரூக் பாண்ட் கம்பெனியார் தங்கள் பி.ஜி. டிப்ஸ் தேயிலைக்கு ஒரு விளம்பரம் எடுத்தார்கள். பிரபுக்களின் மாளிகையில், உயர்ந்த ரகப் பீங்கான் கிண்ணங்களில், உடை அணிந்து உட்கார்ந்து தேநீர் பருகியவை சிம்பன்சிக் குரங்குகள்! பின்னணியில் பேசியவர் பீட்டர் செல்லர்ஸ். லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் குரங்குகளுக்குத் தேநீர் விருந்து நடத்திக் காட்டும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துவந்ததே இதற்கு வித்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குரங்கைக் காட்டி எந்த வியாபாரத் தொலைக்காட்சி வேண்டாம் என்று பார்லிமெண்டில் முழங்கினார்களோ, அந்தத் தொலைக்காட்சியில் குரங்குக் கூட்டமே குடியேறி, 2002 வரையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் வெளியேறவில்லை. 1971இல் ஒரு தகப்பன் குரங்கும் மகன் குரங்கும் மாடிப்படியில் பியானோவை இறக்கத் திணறும் காட்சி, அந்நாட்டில் மிக அதிகமுறை ஒளிபரப்பான விளம்பரங்களுள் ஒன்று என்று பெயர் பெற்றது.

இந்த விளம்பரத்தைப் பற்றி மட்டும் தமிழன் ஒருவன் மற்றவர்களைப் போல் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. பல தேசத்து இலைகளைக் கலந்து செய்த அந்தத் தூளில் எந்தக் கிண்ணத்தில் எந்தத் தோட்டத்து இலை என்று பிரித்துச் சொல்ல இயலாதுதான். ஆனால் நுவரெலியாவிலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவர்கள் நம்முடைய பெண்கள் என்பதில் ஐயமில்லை. 1970களில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் பட்டினியையும் லயன் வீடுகளின் அவலத்தையும் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' என்ற நிகழ்ச்சி பிரத்தியட்சமாகக் காட்டியபோது, பிரிட்டிஷ் ஜனங்கள் திகைத்தார்கள். அந்தச் செய்திப் படத்தை ஒளிபரப்பியதும், குரங்குகளைக் காட்டிப் பணம் பெற்றதும் ஐ.டி.வி. என்ற அதே வியாபார அலைவரிசைதான். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த என் பெரியம்மா, அந்த விளம்பரம் வரும்போதெல்லாம், "உந்தக் குரங்குகள் குடிக்கிற தேத்தண்ணிக்கு ஆர் தம்பி கொழுந்து பறிச்சது?" என்று கேட்பார், விடையை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது. மலையகத்தில் காலெடுத்து வைத்திராத யாழ்ப்பாணத்துக்காரி, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு குரங்கைப் பார்த்துத்தான் மலையகத்து மக்களைப் பற்றி முதன்முதலாக யோசித்தார் என்பதை நான் அவருடைய பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

குரங்குகளுக்குப் பின் வந்தவை உலோக மனிதர்கள். 1970களில் காட்பரி கம்பெனியின் ஸ்மாஷ் என்னும் உடனடி உருளைக்கிழங்கு மாவுக்காக, ஜான் வெப்ஸ்டர் என்பவர் செவ்வாய்க் கிரகத்து வாசிகளைப் படைத்தார். பூமியில் உள்ள மனிதர்கள் கிழங்கைக் கத்தியால் தோல் சீவி, வேகவைத்து, பிறகு அதை நசுக்கித் தின்னுகிறார்களாம் என்று கேட்டு அந்தத் தகர மனிதர்கள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். சரக்கைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தையும் இல்லை. வாங்குகிறவனைப் பார்த்து விற்கிறவன் சிரிக்கிறான், வாங்குகிறவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் காசைக் கொடுக்கிறான். இதற்குக் கொஞ்சமும் குறையாதது ஹாம்லெட் சுருட்டு விளம்பரம். சிகரெட்டுகளை 1965 ஆகஸ்டு மாதத்திலேயே தொலைக்காட்சியிலிருந்து விரட்டிவிட்டார்கள். சுருட்டு மட்டும் 1991 வரையில் தப்பிப் பிழைத்தது. வழுக்கைத் தலையில் எஞ்சிய சில மயிர்களை ஒழுங்கு செய்துகொண்டு புகைப்படப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவர் தயாராக இல்லாத ஒவ்வொரு கணத்திலும் பார்த்து ஒளி வெட்டும் யந்திரத்திடம் தோற்று, கடைசியில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து ஆறுதல் அடைவார். ஜெயித்தவனைக் காட்டிச் சரக்கு விற்பது அமெரிக்க வழக்கம். தோற்றவனைக் காட்டி விற்கும் வித்தையை ஆங்கிலேயரிடம்தான் கற்க வேண்டும். எல்லை மீறியதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், டாங்கோ ஆரஞ்சு பானத்தைக் குடித்தவனின் இரு கன்னங்களிலும் ஆரஞ்சு நிறச் சாயம் பூசிய ஒரு தடியன் ஓடிவந்து அறைவதாகக் காட்டிய விளம்பரத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படியே பின்பற்றி ஒருவரை ஒருவர் காதில் அறைந்துகொள்ள, அதை நிறுத்திவிட்டு, அறைக்குப் பதிலாக முத்தம் கொடுக்கும்படி மாற்றி எடுக்க வேண்டியதாயிற்று.

பிற தேசங்களிலும் அவரவர் நிர்ப்பந்தத்துக்கு ஏற்றபடியே விநோதங்கள் விளைந்தன. ஜெர்மனியில் 1956இல் வந்த முதல் விளம்பரம் பெர்சில் சோப்புத்தூளுக்காக எடுத்த ஒரு சிறு ஹாஸ்ய நாடகம். சாப்பாட்டு மேஜை விரிப்பில் கறை பட்டதை வைத்துக்கொண்டு இரண்டு நடிகர்கள் வாதாடுவார்கள். பிரான்ஸ் 1968 அக்டோபர் வரையில் பிடிவாதமாக இருந்து, பிறகு பால்மாவுக்கும் பாலாடைக்கட்டிக்கும் வழி விட்டது. ஆனால் இத்தாலியைப் போல் அழகாக வெட்கப்பட்ட தேசம் வேறில்லை. அங்கே 1957 முதல் 1977 புத்தாண்டு நாள் வரையில் இரவுதோறும் வந்த 'கரோசெல்லோ' என்ற நிகழ்ச்சியில், ஒவ்வொரு விளம்பரக்காரரும் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமான ஒரு குட்டிக் கதையையோ பாட்டையோ பொம்மைக் கூத்தையோ முதலில் ஜனங்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும். கடைசி அரை நிமிஷத்தில்தான் தம் சரக்கின் பெயரைச் சொல்ல அனுமதி. பெரிய இயக்குநர்களும் நடிகர்களும் அதில் வேலை செய்தார்கள். கரோசெல்லோ முடிந்தால் குழந்தைகள் படுக்கைக்குப் போக வேண்டும் என்பது அந்நாட்டுத் தாய்மார் சட்டம். விளம்பரம் பார்க்காமல் தூங்கமாட்டோம் என்று பிள்ளைகள் அழுத தேசம் அது.

வேடிக்கையில் எல்லாவற்றையும் மிஞ்சியது சோவியத் ஆட்சியில் இருந்த எஸ்தோனியா. விற்பதற்குப் போட்டியும் இல்லை, பல சமயம் விற்பதற்குச் சரக்கே இல்லை என்னும் அந்த அரசில், அரசாங்கத் தொழிற்சாலைகள் தம் வருமானத்தில் ஒரு பங்கை விளம்பரத்துக்குச் செலவழித்தே தீரவேண்டும் என்ற விதியைப் பற்றிக்கொண்டு, பேடு ஓயமா என்பவர் 1967இல் எஸ்தி ரெக்லாம்ஃபில்ம் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். ஆயிரக்கணக்கான விளம்பரப் படங்கள் அங்கே தயாராயின. கொத்திய கோழிக்கறிக்கு ஆட்டமும் பாட்டமுமாக ஒரு விளம்பரம்; கடைக்குப் போனால் கோழியும் இராது, கொத்தும் இராது. வாங்க முடியாத பண்டங்களை வருணிக்கும் அந்தப் படங்களை மக்கள் நிகழ்ச்சிகளைவிட ஆசையாகப் பார்த்தார்கள். ஜப்பானிலோ இதற்கு நேர்மாறு. பதினைந்து விநாடிக்குள் சொல்லி முடிக்க வேண்டிய நெருக்கடியில், தங்கள் நாட்டில் விளம்பரத்தில் தோன்றுவதையே இழிவாகக் கருதிய ஹாலிவுட் நடிகர்களுக்குப் பெரும் பணம் கொடுத்துக் கூட்டிவந்து கூத்தாட வைத்தார்கள். ஆர்னால்டு ஷ்வார்ஸநெகர் ஒரு டானிக்கைக் குடித்துவிட்டுப் பூதம்போல் கெக்கலி கொட்டிச் சிரிக்கும் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

இனித் தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்புவோம். அங்கே 1980களுக்குப் பிறகு, இலங்கையில் மூண்ட யுத்தத்தின் காரணமாகத் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. கடைகள் வந்தன, முருகன் கோவில் வந்தது, கூரைகளின்மேல் தட்டு ஆண்டெனாக்கள் முளைத்தன. குன்றின்மேல் இருந்த பழைய 200 அடிக் கோபுரத்துக்குப் பதிலாக 1962இல் 500 அடிக் கோபுரம் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் குன்றிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடிய பழைய 405 வரி ஒளிபரப்பு 1985 ஜனவரியில் ஓய்ந்தது. புதிதாக வந்தவர்கள் சிறிது காலத்துக்குள் அந்தக் குன்றுக்கு முதுகைத் திருப்பி, வானத்துச் செயற்கைக்கோளை நோக்கித் தங்கள் தட்டுகளைச் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். லண்டனிலிருந்து தீபம் தொலைக்காட்சியும், ஐ.பி.சி. வானொலியின் தமிழ்க் குரலும், பிறவும் அவர்கள் வீடுகளை எட்டின.

அவற்றில் வரும் தமிழ் விளம்பரங்களில் ஆங்கிலேயரின் கூச்சத்தைத் தேடினால் கிடைக்காது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், கற்றறிந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடியும் கள்ளுக்கடைக்காரர் கட்டிய கொடியும் ஒரே காற்றில் ஒன்றுக்கொன்று வெட்கப்படாமல் பறந்தன. அந்த வம்சத்தில் வந்தவர்களுக்கு விற்பதில் என்ன லஜ்ஜை? கடை முதலாளி தாமே தோன்றிக் கும்பிடு போடுவார். அவருடைய குழந்தைகள் பட்டுப் பாவாடை உடுத்துச் சிரிப்பார்கள். விலாசமும் தொலைபேசி எண்ணும் வாகனம் நிறுத்த இடம் உண்டு என்பதும் மூன்று முறை அறிவிக்கப்படும். சேலைக்கடை, நகைக்கடை, வீட்டுக்கடன் தரகர், குடிவரவு வழக்கறிஞர், கல்யாண மண்டபம் என்று வரிசையாக வரும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இதைக் கண்டு சிரிக்கிறார்கள். சிரிக்க வைக்கவேண்டும் என்று எடுக்காத படத்தைப் பார்த்துச் சிரிப்பதும் ஒரு வகை ரசனைதான்.

சர் கென்னத் கிளார்க்கின் ஆணையம் கதவைச் சாத்திய கல்யாணத் தரகரும் பிணம் அடக்கம் செய்வோரும் நம்மவர் ஒலிபரப்பில் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதிலும் மரண அறிவித்தல் நம் வர்த்தக ஒலிபரப்பின் தனிச் சிறப்பு; இலங்கை வானொலியிலிருந்து கடல் கடந்து வந்த சம்பிரதாயம் அது. வல்வெட்டித்துறையைப் பிறப்பிடமாகவும் குரோய்டனை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கி, அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், டொரன்டோவில் உள்ள இன்னாரின் தாயாரும், சூரிச்சில் உள்ள இன்னாரின் மாமியாரும் ஆவார் என்று பெயர்கள் நீளும். பெயர் விடுபட்டால் தலைமுறைப் பகை மூளும் என்பதால் யாரையும் விடுவதில்லை. காசு கொடுத்தவர்கள் கேட்டபடி ஒரு தடவைக்கு இரு தடவை வாசிக்கிறார்கள். நாடகமோ பாட்டோ நடக்கும்போது பேசிக்கொண்டிருக்கும் வீட்டுப் பெரியவர்கள், இடைவேளை வந்து இந்த விளம்பரம் தொடங்கியவுடன், "பிள்ளையள், சத்தம் போடாதேங்கோ" என்று அதட்டிவிட்டு, கூப்பிடு தூரத்து ஊர்க்காரர் யாரேனும் உண்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அது முடிந்ததும் தங்கத்தின் அன்றைய விலையைச் சொல்லிக்கொண்டு நகைக்கடைக்காரர் வருகிறார். அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.